கரண்ட் இல்லாத சனிக்கிழமை: தங்கினால் எந்த மாதிரி ஹோட்டலில் தங்குவீர்கள்?

விருதை வெயில் · மதியம் 1.52

காலை 9 மணிக்குப் போன கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு, 5 மணிக்குத்தான் வரும் என்று நேற்றே பேப்பரில் போட்டுவிட்டார்கள். வீட்டுக்காரம்மாவும் பிள்ளைகளும் சிவகாசியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருக்கிறார்கள். நான் பருப்பு மில்லில் கணக்கு எழுதுகிறவன், இன்று லீவு. பாயை விரித்துப் படுத்தேன், தரை சுடுகிறது. திண்ணைக்கு வந்தேன், காற்று சுடுகிறது. தூக்கமும் வரவில்லை, எழுந்து ஒரு வேலையைப் பார்க்கவும் மனசில்லை. பரணில் இருக்கிற பழைய சாமான்களை ஒதுக்கலாம் என்று ஏணியை எடுத்துச் சாத்தினேன். இரண்டு படி ஏறிவிட்டு இறங்கிவிட்டேன். எதிர்வீட்டு ஆடு என்னையே பார்த்துக்கொண்டு அசைபோடுகிறது.

அலமாரியில் பையனுடைய ஸ்கிராப் நோட்டு கிடந்தது. அதில் ஒரு படம் வெட்டி ஒட்டியிருக்கிறான். முழுக்கப் பனிக்கட்டியில் கட்டிய ஹோட்டல். கட்டில், தூண், மேலே தொங்குகிற சரவிளக்கு எல்லாமே பனிக்கட்டி. அதைப் பார்த்த நிமிஷத்திலிருந்து வேறு நினைப்பே இல்லை. அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துப் படுத்தால் எப்படி இருக்கும்!

போனில் 61 சதவீதம் சார்ஜ் இருக்கிறது. உலகத்திலுள்ள வினோதமான ஹோட்டல்களில் எதில் ஒரு ராத்திரி இருக்க ஆசை என்று ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள். காசு, விசா பற்றியெல்லாம் பேச்சில்லை. கரண்ட் வரும்வரை பொழுது போக வேண்டும், அவ்வளவுதான்.

சால்னா · மதியம் 1.57

அண்ணே, விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு ஹோட்டலைப் பற்றி ஊராரிடம் கேட்கிறீர்களே. எண்ணெயில் முறுகப் பொரித்த பரோட்டா நாலு, அதை நொறுக்கி, மேலே சால்னாவை ஊற்றி ஒரு நிமிஷம் ஊறவிட்டு... இதைவிட வினோதம் எந்த நாட்டில் இருக்கிறது?

விருதை வெயில் · மதியம் 1.59

தம்பி, தங்குகிற ஹோட்டல்.

சால்னா · மதியம் 2.00

அதை லாட்ஜ் என்று சொல்ல வேண்டியதுதானே. ஹோட்டல் என்றால் இலை போடுகிற இடம்.

கணக்கப்பிள்ளை · மதியம் 2.06

பையன் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. நம்மிடம் ஹோட்டல் என்றால் சாப்பாடு, லாட்ஜ் என்றால் படுக்கை, மேன்ஷன் என்றால் பேச்சிலர், சத்திரம் என்றால் கல்யாணம். தலைப்பைப் பார்த்து நானும் மெஸ் பற்றித்தான் என்று நினைத்து உள்ளே வந்தேன். வந்ததற்கு ஒரு வார்த்தை: காசு கொடுத்து ஐஸ் மேல் படுப்பதற்கு, ஐஸ் கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனால் சம்பளமும் தருவார்கள்.

லூலியோ · மதியம் 2.15

நான் ஸ்வீடனின் வடக்கே இருக்கிறேன், ஆராய்ச்சிப் படிப்பு. உங்கள் பையன் ஒட்டியிருப்பது யூக்கஸ்யார்வி ஐஸ் ஹோட்டலாக இருக்க வாய்ப்பு அதிகம். கிருனா என்ற சுரங்க ஊருக்குப் பக்கத்துக் கிராமம், ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே 200 கிலோமீட்டர். இந்த மாதிரி ஹோட்டல்களுக்கெல்லாம் அதுதான் மூத்தது, 1989இல் ஆரம்பித்தது. போன வருஷம் லேப் நண்பர்களோடு போய் ஒரு ராத்திரி படுத்துவிட்டு வந்தேன்.

முதலில் உங்கள் கன்ன ஆசை. அது நடக்காது அண்ணா. அறைக்குள் மைனஸ் 5லிருந்து மைனஸ் 8 வரை இருக்கும். வெளியே மைனஸ் 30 அடித்தாலும் உள்ளே அதுதான், அதனால் நுழையும்போது கதகதப்பாகக்கூடத் தோன்றும். பத்து நிமிஷத்தில் அந்த மயக்கம் தெளிந்துவிடும். கட்டிலுக்கு ஐஸ் பாளம், அதன்மேல் மெத்தை, அதன்மேல் ரெயின்டீர் மான் தோல். அதற்கு மேல் கனமான ஸ்லீப்பிங் பேக் ஒன்றில் நுழைந்து மூக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஜிப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். பெட்டி படுக்கையெல்லாம் பக்கத்தில் சூடான கட்டடத்திலேயே விட்டுவிட வேண்டும். காலையில் போடவேண்டிய உடுப்பை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்துக்கொண்டு படுக்கச் சொன்னார்கள், இல்லையென்றால் விறைத்துவிடும்.

எல்லாரும் அழகைத்தான் கேட்கிறார்கள், கழிவறையை யாரும் கேட்பதில்லை. அது அந்தச் சூடான கட்டடத்தில் இருக்கிறது. ராத்திரி 2 மணிக்கு எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. போகலாமா, விடியும்வரை தாங்கலாமா என்று முக்கால் மணி நேரம் யோசித்தபடி படுத்திருந்தேன். ஐஸ் ஹோட்டலில் நான் அதிகம் செய்தது அந்த யோசனைதான். காலையில் ஒரு பணிப்பெண் லிங்கன்பெர்ரிப் பழச்சாற்றைச் சுடச்சுடக் கொண்டுவந்து தலைமாட்டில் நின்றார். அந்தக் கோப்பையைக் கையில் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

விருதை வெயில் · மதியம் 2.21

படிக்கும்போதே குளுகுளு என்று இருக்கிறது. வருஷா வருஷம் புதிதாகவா கட்டுகிறார்கள்?

லூலியோ · மதியம் 2.27

ஆமாம். டோர்னே என்று ஒரு ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. குளிர்காலம் முடிகிற சமயத்தில் ஆற்றின் மேல் உறைந்த ஐஸைப் பாளம் பாளமாக அறுத்துக் குளிர்க்கிடங்கில் அடுக்கிவிடுகிறார்கள். அடுத்த குளிர் தொடங்கியதும் அதை வைத்துக் கட்டுகிறார்கள். ஓடுகிற தண்ணீர் உறைந்தது என்பதால் குமிழி இல்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒவ்வொரு அறையையும் ஒவ்வொரு சிற்பி செதுக்குகிறார். டிசம்பரில் திறந்து, ஏப்ரல் வாக்கில் உருகி, எந்த ஆற்றிலிருந்து வந்ததோ அதே ஆற்றுக்கே போய்விடுகிறது.

சால்னா · மதியம் 2.29

நம்ம ஊர் விநாயகர் சதுர்த்திதான் அக்கா. ஆற்று மண்ணில் பிள்ளையார் பிடித்து, மூன்று நாள் கும்பிட்டு, ஆற்றிலேயே கரைப்பது.

லூலியோ · மதியம் 2.33

இது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்! 2016இலிருந்து கரையாத பிள்ளையார் ஒன்றும் உண்டு. ஒரு பகுதியை வருஷம் முழுக்க வைத்திருக்கிறார்கள். இங்கே கோடையில் சில வாரங்கள் சூரியன் மறையவே மறையாது. அந்த வெயிலில் சோலார் கரண்ட் எடுத்து, அதைக் கொண்டு உள்ளே ஐஸைக் காப்பாற்றுகிறார்கள்.

விருதை வெயில் · மதியம் 2.35

வெயிலை வைத்து ஐஸைக் காப்பதா! எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு இமயமலையே கட்டலாமே. 52 சதவீதம். ஆடு திண்ணை நிழலுக்கு வந்துவிட்டது. நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன்.

சங்குகுளி · மதியம் 2.44

தூத்துக்குடிக்காரன், வளைகுடாவில் எண்ணெய்க் குழாய் வேலையில் டைவராக இருக்கிறேன். தாத்தா சங்கு குளித்தவர், அதனால் இந்தப் பெயர். எனக்கு ஆசை ஃப்ளோரிடாவில் கீ லார்கோவில் இருக்கிற ஜூல்ஸ் அண்டர்ஸீ லாட்ஜ். சால்னா தம்பி, இதற்குப் பெயரே லாட்ஜ்தான், சண்டை வேண்டாம்.

1970களில் லா சலுப்பா என்ற பெயரில் போர்ட்டோ ரிக்கோ பக்கம் கடலடி ஆராய்ச்சிக் கூடமாக இருந்தது. 1986இல் தங்கும் இடமாக்கினார்கள். தண்ணீருக்குள் ஹோட்டல் என்று விளம்பரம் பண்ணுகிற பல இடங்களில் லிஃப்டில் இறங்கிக் கண்ணாடி வழியாக மீனைப் பார்க்கலாம். இங்கே ஸ்கூபா மாட்டிக்கொண்டு 21 அடி இறங்கினால்தான் வாசல். வாசல் என்றால் கதவு கிடையாது, தரையில் ஒரு திறப்பு. அடியிலிருந்து தலையைத் தூக்கினால் வீட்டுக்குள் இருப்பீர்கள்.

தண்ணீர் ஏன் உள்ளே ஏறவில்லை என்று என் மகளும் கேட்டாள். வாளித் தண்ணீரில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து நேராக அமுக்கச் சொன்னேன். உள்ளே இருக்கிற காற்று விடுகிறதா? அதேதான். உள்ளே காற்றின் அழுத்தமும் அந்த ஆழத்துத் தண்ணீரின் அழுத்தமும் சமமாக இருக்கிறவரை கதவு தேவையில்லை.

ஆனால் அதிலேதான் வினையும். அழுத்தத்தில் ஒரு ராத்திரி முழுக்க மூச்சுவிட்டால் ரத்தத்தில் நைட்ரஜன் கரைந்து நிற்கும். மேலே வந்ததும் 24 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. சோடா பாட்டில் மூடியைத் திறந்தால் பொங்குகிறது பாருங்கள், அந்த வேலை உடம்புக்குள் நடந்துவிடும். எங்கள் தொழிலில் இதனால் நடை போன ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தாத்தா காலத்தில் சிலிண்டர் ஏது, மூச்சடக்கித்தான் இறங்குவார்கள். அவருக்கு ஒரு காது கேட்காது.

2023இல் ஜோசப் டிட்டுரி என்ற அமெரிக்கப் பேராசிரியர் அங்கேயே 100 நாள் இருந்தார். விருந்தாளிகளுக்கு பீட்சாவைத் தண்ணீர் புகாத டப்பாவில் வைத்து டைவர் கொண்டுபோய்க் கொடுப்பார்.

சால்னா · மதியம் 2.46

டப்பாவில் சால்னா கொண்டுபோனால் சிந்தாதா அண்ணே?

சங்குகுளி · மதியம் 2.47

தூக்குவாளி மூடி டைட்டாக இருந்தால் சிந்தாது.

ஊர்சுற்றி77 · மதியம் 2.58

என் பங்குக்குக் கொஞ்சம்: பொலிவியா உயூனி உப்புவெளியில் உப்புக்கல்லால் கட்டிய பலாசியோ தே சால், சுவரை நக்கக்கூடாது என்று அங்கே விதி இருக்கிறது. நைரோபியில் ஜிராஃப் மேனர், காலைச் சாப்பாட்டு மேஜையில் ஜன்னல் வழியாக ஒட்டகச்சிவிங்கி தலையை நீட்டும். நெதர்லாந்தில் ஹார்லிங்கன் துறைமுகத்தில் பழைய கிரேன், படுக்கை மேலே, அறையோடு சேர்த்துக் கிரேனை நாமே சுற்றிக்கொள்ளலாம். பெல்ஜியத்தில் ஒரு கலைப் பூங்காவில் மனிதக் குடல் வடிவத்தில் அறை, பெயரை இங்கே எழுத முடியாது. வேல்ஸில் பழைய ஸ்லேட் சுரங்கத்துக்குள் 419 மீட்டர் ஆழத்தில்...

கணக்கப்பிள்ளை · மதியம் 3.01

தம்பி, கேட்டது ஆளுக்கு ஒன்று. நீங்கள் மளிகைச் சாமான் சீட்டு எழுதுகிறீர்கள். போனீர்களா எதற்காவது?

ஊர்சுற்றி77 · மதியம் 3.04

இல்லை சார். பாஸ்போர்ட் ரின்யூவல் பண்ணவே இன்னும் போகவில்லை. ஒன்றுதான் என்றால் நாகசாகி பக்கம் ரோபோ ஹோட்டல். ஹென் நா ஹோட்டல் என்று பெயர், 'வினோத ஹோட்டல்' என்றே அர்த்தம், நம் தலைப்புக்குப் பொருத்தம். 2015இல் திறந்தார்கள், வரவேற்பில் டைனோசர் ரோபோ நிற்கும். அறைக்கு ஒரு பொம்மை ரோபோ, கேட்டதற்குப் பதில் சொல்லும். தங்கியிருந்தவர் குறட்டை விட்டால் அதையும் கேள்வி என்று நினைத்துக்கொண்டு, 'மன்னிக்கவும், சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்' என்கிற மாதிரி ராத்திரி பூராவும் எழுப்பிக்கொண்டே இருந்ததாம். 2019இல் பாதிக்கு மேற்பட்ட ரோபோக்களை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

விருதை வெயில் · மதியம் 3.07

எங்கள் வீட்டம்மாவும் என் குறட்டைக்கு இதே பதிலைத்தான் சொல்வாள், மன்னிக்கவும் மட்டும் இருக்காது.

மேன்ஷன் மணி · மதியம் 3.19

ஜப்பானில் வினோதம் என்று எல்லாரும் சொல்கிற கேப்சூல் ஹோட்டலுக்கு வருகிறேன். முதலாவது 1979இல் ஒசாகாவில் உமேதா பகுதியில் திறந்தது, வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா. ஆள் நீளத்துக்கு இரண்டு மீட்டர், அகலமும் உயரமும் சுமார் ஒரு மீட்டர். கடைசி ரயிலை விட்டுவிட்ட ஆபீஸ்காரர்களுக்காக வந்தது. மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனிலும் 2021இல் 48 அறைகளோடு அந்த மாதிரி ஒன்று திறந்தார்கள்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று வருஷம் இருந்தவனுக்கு இதில் என்ன புதுசு? எங்கள் அறை எட்டுக்குப் பத்து. மூன்று கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காது, அதனால் இரண்டு கட்டில், ஒரு பாய். மாதத்துக்கு ஒருவர் பாய்க்கு இறங்க வேண்டும். காலை 6 மணிக்கு பாத்ரூம் வாசலில் பக்கெட்டுகள் வரிசையில் நிற்கும், ஆட்கள் நிற்க மாட்டார்கள். பக்கெட்டைப் பார்த்தே யார் என்று தெரிந்துவிடும். மொட்டை மாடிக் கொடியில் யாருடைய லுங்கி யாருடையது என்று சண்டை நடக்காத வாரம் கிடையாது.

கதவுக்குப் பின்னால், கதவைச் சாத்தினால்தான் தெரிகிற சுவரில், எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்து படித்தவர்கள் தங்கள் ஹால் டிக்கெட் நம்பரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள். குரூப் 2, குரூப் 4, வங்கித் தேர்வு என்று வரிசையாக. பாஸானவர்கள் தங்கள் நம்பருக்கு ஒரு டிக் போட்டுவிட்டுக் காலி பண்ணிக்கொண்டு போவது வழக்கம். நான் போனபோது பதினாலு நம்பர், மூன்று டிக். ராத்திரி தூக்கம் வராவிட்டால் போன் வெளிச்சத்தில் அதைத்தான் பார்ப்பேன்.

விருதை வெயில் · மதியம் 3.23

உங்கள் நம்பருக்கு டிக் விழுந்ததா மணி?

மேன்ஷன் மணி · மதியம் 3.25

நாலாவது தடவை. டிக் போடப் போனால் வெள்ளையடித்திருந்தார்கள்.

கணக்கப்பிள்ளை · மதியம் 3.34

இதற்கெல்லாம் சிகரம் ஸ்விட்சர்லாந்தில் இருக்கிறது. ரிக்லின் என்று இரட்டைச் சகோதரர்கள், கலைஞர்கள். முதலில் அணுகுண்டுக்குப் பயந்து கட்டிய பதுங்கு குழியில் கட்டில் போட்டு 'நுல் ஸ்டெர்ன்' என்று பெயர் வைத்தார்கள். பூஜ்ய நட்சத்திர ஹோட்டல் என்று பொருள். 2016இல் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சுவரையும் கூரையையும் எடுத்துவிட்டார்கள். மலைப் புல்வெளியில் ஒரு டபுள் காட், இரண்டு பக்கமும் மேஜை விளக்கு. அந்த ஊர்க்காரர் ஒருவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பட்லர் மாதிரி தட்டேந்தி வருவார். மழை வந்தால் புக்கிங் ரத்து.

இதைத்தான் நாம் மொட்டை மாடி என்கிறோம். பட்லர் இல்லை, கொசு உண்டு.

எல்லைக்கோடு · மாலை 4.02

சர்வேயர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு பட்டாவுக்கு நடுவே ஒரு தென்னை நின்றாலே ஆறு வருஷம் கோர்ட்டுக்கு அலைவதைப் பார்த்தவன் என்பதால் எனக்கு ஒரே ஆசைதான்: பிரான்ஸ், ஸ்விட்சர்லாந்து எல்லையில் லா க்யூர் என்ற சின்ன ஊரில் இருக்கிற ஹோட்டல் ஆர்பேஸ்.

1862 டிசம்பரில் இரண்டு நாடும் எல்லையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டன. புது எல்லைக்கோடு போகிற இடத்தில் ஏற்கெனவே கட்டடம் இருந்தால் அதைத் தொடுவதில்லை என்று ஒரு ஷரத்து. ஒப்பந்தம் அமலுக்கு வர அடுத்த பிப்ரவரி ஆகும். போந்துஸ் என்று ஒரு ஆள் இந்த இடைவெளியைக் கவனித்தார். கோடு போகப்போகிற இடத்திலேயே அவசர அவசரமாக ஒரு கட்டடத்தை எழுப்பிவிட்டார். ஸ்விஸ் பக்கம் மளிகைக்கடை, பிரான்ஸ் பக்கம் மதுக்கடை. எதற்கு என்று கேட்காதீர்கள், இந்த வாசலில் வந்த சரக்கு அந்த வாசலில் போகத்தான். கோடு சமையலறையையும் சில அறைகளையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. 1921இல் ஆர்பேஸ் என்பவர் கைக்கு வந்து ஹோட்டல் ஆனது. அங்கே சில கட்டில்களில் தலை ஒரு நாட்டில், கால் ஒரு நாட்டில்.

இரண்டாம் உலகப்போரில் பிரான்ஸ் பக்கத்தை ஜெர்மன் படை பிடித்துவிட்டது. ஹோட்டலின் மாடிப்படி பிரான்ஸில் ஆரம்பித்து ஸ்விட்சர்லாந்தில் முடிகிறது. ஸ்விட்சர்லாந்து நடுநிலை நாடு. கீழே உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்த ஜெர்மன்காரர்களால் மாடி ஏற முடியவில்லை. மாடியில் தப்பி வந்தவர்கள் ஒளிந்திருந்தார்கள். அந்தப் படியில் எல்லை எந்த இடத்தில் வெட்டுகிறது என்று செயினைப் பிடித்து நானே ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். உத்தியோக காலத்தில் எத்தனையோ கோடு போட்டேன். எதுவும் யாரையும் காப்பாற்றவில்லை.

சால்னா · மாலை 4.05

ஐயா, அங்கே குறட்டை எந்த நாட்டுக் கணக்கில் வரும்?

எல்லைக்கோடு · மாலை 4.08

தலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்.

கொழுந்துக்கூடை · மாலை 4.31

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் இலங்கை மலையகம், இப்போது கொழும்பில் வேலை. நுவரெலியா பக்கம் கந்தப்பளையில் ஒரு தேயிலை ஸ்டோரை அப்படியே ஹோட்டல் ஆக்கியிருக்கிறார்கள். ஸ்டோர் என்றால் எங்களுக்கு ஃபெக்டரி. ஹெதர்செட் என்பது அதன் பழைய பெயர், 1996இலிருந்து ஹோட்டல். கொழுந்து வாட்டுகிற மேல்மாடிகள்தான் இப்போது படுக்கை அறைகள். பழைய எஞ்ஜினையும் சக்கரங்களையும் எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். கட்டடத்தைக் கெடுக்காமல் செய்திருக்கிறார்கள் என்று எல்லோரும் புகழ்கிற இடம், புகழ வேண்டியதும்தான்.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் பக்கத்தில் துரைமார் இருந்த பங்களாக்கள் பலதும் ஹோட்டலாகிவிட்டன. முதல் வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியதும், அப்படி ஒரு பங்களாவுக்கு அம்மாயியை, அதாவது அம்மாவின் அம்மாவை, தேத்தண்ணி குடிக்கக் கூட்டிப்போனேன். நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். விரலில் அந்தக் கறை இன்னும் போகவில்லை. வேன் கேட்டருகே நின்றதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். நான் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், ஆளைக் காணவில்லை. முன்வாசல் பக்கம் வரவே இல்லை. பங்களாவைச் சுற்றிக்கொண்டு நேரே பின்பக்கம் குசினி (சமையலறை) வாசலில் போய் நிற்கிறார். சின்ன வயதில் துரை வீட்டுக்கு முட்டை கொண்டுபோய்க் கொடுத்த வழி அது.

குசினியில் நின்ற பொடியன் எங்கள் லயத்துப் பக்கத்துப் பிள்ளை. லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். 'அம்மாயி, முன்னால வாங்க, நீங்க இப்ப கஸ்டமர்' என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் உட்கார வைத்தான். கதிரையின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

சால்னா · மாலை 4.36

அக்கா, அப்புறம் டீ குடித்தார்களா?

கொழுந்துக்கூடை · மாலை 4.40

குடித்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, 'தூள் நல்ல தூள்தான், பொடியன் ஊறவிடல்ல' என்றார். அவன் வேறு ஒன்று போட்டுக்கொண்டு வந்தான். அதை முழுதும் குடித்தார். லயத்தில் எங்களுக்கு வந்ததெல்லாம் கழிவுத் தூள். அதில் பிளேன்டி போட்டுப் பனங்கட்டியைக் கடித்துக் குடிப்போம். தான் எடுத்த கொழுந்தின் நல்ல தூளை அன்றைக்குத்தான் குடித்துப் பார்த்தாராம். பில்லை வாங்கிப் பார்த்து, எத்தனை நாள் பேர் என்று விரல்விட்டு எண்ணினார். பேர் என்றால் எங்களில் ஒருநாள் சம்பளம்.

லூலியோ · மாலை 4.43

இதைப் படித்தபிறகு என்னுடைய கழிவறைப் புலம்பலை அழித்துவிடலாமா என்று தோன்றுகிறது.

கொழுந்துக்கூடை · மாலை 4.45

வேண்டாம் அக்கா, அதைத்தான் இரண்டு தடவை வாசித்தேன். அம்மாயிக்கும் வாசித்துக் காட்டினேன். 'ஐஸுக்குள்ள போய்ப் படுக்க அந்தப் புள்ளைக்கு வீடு இல்லையா' என்று கேட்கிறார்.

காவிரிக்கரை · மாலை 4.58

சத்திரம் என்றால் கல்யாணம் என்று கணக்கப்பிள்ளை ஆரம்பத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஒரத்தநாடுதான் ஊர். சரபோஜி மன்னர் காலத்து முக்தாம்பாள் சத்திரம் இங்கேதான் இருக்கிறது. ராமேஸ்வரம் போகிற வழிநெடுக இந்த மாதிரி சத்திரங்கள் இருந்தன. வழிப்போக்கன் யாராயிருந்தாலும் சோறு, நோய் என்றால் வைத்தியர். வழியில் வலி கண்ட பெண்ணுக்குப் பிரசவமும் பார்த்து, அதற்கு அப்புறமும் வைத்திருந்து அனுப்பியதாக சரபோஜி கிழக்கிந்தியக் கும்பெனிக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. காசியில் நகரத்தார் சத்திரம் இருநூறு வருஷத்துக்கு மேலாக இன்றைக்கும் நடக்கிறது. ஒட்டகச்சிவிங்கியோடு காப்பி குடிப்பதைவிட எனக்கு இதுதான் வினோதமாகப் படுகிறது, பில்லே இல்லாத விடுதி.

கணக்கப்பிள்ளை · மாலை 5.02

திருத்திக்கொள்கிறேன் ஐயா. சத்திரம் என்றால் இப்போதுதான் கல்யாணம்.

விருதை வெயில் · மாலை 5.14

மணி 5 தாண்டிவிட்டது, கரண்ட் வரவில்லை. 14 சதவீதம். ஆடு வீட்டுக்குப் போய்விட்டது.

எனக்கு என்று ஒன்று சொல்ல வேண்டுமே. வடகொரியாவில் ர்யுக்யோங் என்று ஒரு ஹோட்டல், பையன் நோட்டில் ஐஸ் ஹோட்டல் படத்துக்கு அடுத்த பக்கத்தில் இருக்கிறது. 105 மாடி, 330 மீட்டர் உயரம், கூம்பு மாதிரி. 1987இல் கட்ட ஆரம்பித்தது, இதுவரை ஒரு ஆள்கூடத் தங்கியதில்லை. மத்தியானம் பூராவும் அதில் நான் மட்டும் ஒவ்வொரு மாடியாகக் கதவைத் திறந்துகொண்டே ஏறுகிற மாதிரி நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். எல்லா அறையிலும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

நிஜத்துக்கு வருகிறேன். சின்ன வயதில் அப்பாவோடு ஒருமுறை மதுரை ஜங்ஷன் ரிட்டயரிங் ரூமில் ராத்திரி படுத்திருக்கிறேன். உயரமான கூரை, நீளத் தண்டில் தொங்குகிற ஃபேன், வெளியே விடியவிடிய அறிவிப்பு. எந்த வண்டி எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே முழித்திருந்தேன், அப்பா குறட்டை. இப்போது ஆன்லைனில் பார்த்தால், ரூம் வேண்டுமென்றால் முதலில் கன்ஃபர்ம் ஆன டிக்கெட்டின் பி.என்.ஆர். நம்பரைக் கேட்கிறது. அதாவது ஸ்டேஷனில் தூங்குவதற்காக எங்கேயாவது போக வேண்டும்.

சரி என்று விருதுநகரிலிருந்து மதுரைக்கு இரண்டு டிக்கெட் ரிசர்வ் பண்ணிவிட்டேன், அடுத்த சனிக்கிழமைக்கு. பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போகிற ஊருக்கு பெர்த்! ரூமும் கிடைத்துவிட்டது. படம் ஒட்டினவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

எல்லைக்கோடு · மாலை 5.17

பிளாட்பாரத்தைப் பார்த்த ரூமாகக் கேட்டு வாங்குங்கள்.

விருதை வெயில் · மாலை 5.21

கரண்ட் வந்துவிட்டது!

சால்னா · மாலை 5.22

அண்ணே, மதுரையில் எந்த ஹோட்டல்?

விருதை வெயில் · மாலை 5.23

இவ்வளவு நேரம் என்ன படித்தாய் தம்பி? ஸ்டேஷனிலேயே ரிட்டயரிங் ரூம்.

சால்னா · மாலை 5.24

அது லாட்ஜ் அண்ணே. ராத்திரி பிள்ளைக்கு எங்கே சாப்பாடு வாங்கிக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன்.